நள்ளிரவின் விகடகவி

1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கு ஒரு பெரிய சங்கடம் வந்து சேர்ந்தது. பதினோரு ஆண்டுகளாக அவர்களிடத்தில் ‘லேட் நைட்’ என்னும் நள்ளிரவு நிகழ்ச்சியை நடத்தி வந்த டேவிட் லெட்டர்மன், நியாயமாகத் தமக்கே கிடைக்கும் என்று நம்பியிருந்த ‘டுநைட் ஷோ’ என்ற பெரிய பீடம் ஜே லெனோவுக்குப் போய்விட்டபடியால் மனம் கசந்து, போட்டி நிறுவனமான சி.பி.எஸ்.ஸுக்குப் போய்விடத் தீர்மானித்தார். அவர் காலி செய்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று தேடியவர்கள், கேரி ஷாண்ட்லிங் போன்ற பிரசித்தர்களைக் கேட்டு, அவர்கள் மறுத்துவிடவே, கடைசியில் பொறுக்கி எடுத்தது அப்போதுதான் முப்பது வயது நிரம்பிய ஓர் இளைஞரை. ஆறடி நான்கு அங்குல உயரம், ஒட்டிய உடம்பு, நெற்றிக்கு மேலே அலைபோல் எழும்பி நிற்கும் செம்பட்டை முடி. கோனன் ஓப்ரையன் என்ற அந்த இளைஞர் அதற்கு முன் எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் நடத்தியவர் அல்லர். பிறர் வாயில் பேசும்படியாக ஹாஸ்யம் எழுதிக் கொடுத்து ஜீவனம் செய்து வந்தவர்.

அந்த நாற்காலி எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்குச் சற்று விளக்கியாக வேண்டும். அமெரிக்காவில் இரவு பதினொரு மணிக்கு அந்தந்த ஊர்ச் செய்திகள் ஒளிபரப்பாகும். அது முடிந்து ஜனங்கள் படுக்கைக்குப் போகும் தறுவாயில், ஒருவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து சபையோர் முன் நின்று, அன்றைய விவகாரங்களைப் பற்றிச் சில நிமிஷம் விகடமாகப் பேசிவிட்டு, ஒரு மேஜைக்குப் பின்னால் அமர்ந்து, நடிகர்களையும் பாடகர்களையும் ராஜாங்கத் தலைவர்களையும் வரிசையாக அழைத்து வைத்து சம்பாஷணை நடத்துவார். 1954-இல் ஸ்டீவ் ஆலன் ‘டுநைட்’ நிகழ்ச்சியை ஆரம்பித்த நாள் முதல் ஏற்பட்டுவிட்ட சம்பிரதாயம் இது. நம் கதாகாலட்சேபங்களில் பாகவதர் கதையை நடுவில் நிறுத்தி, உப கதை ஒன்றைச் சொல்லி, பின்பாட்டுக்காரரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, மிருதங்கத்தின் ஒரு தட்டில் சபையைச் சிரிக்க வைத்துவிட்டு மறுபடியும் கதைக்குத் திரும்புவாரே, அந்த வித்தைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்கது இந்த வித்தை. வாத்தியக் குழுவும் பக்கத்துணையாக ஒரு தோழரும் இங்கேயும் உண்டு. 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் ஜானி கார்ஸன் என்பவர் அந்தப் பீடத்தில் ஏகசக்ராதிபதியாக வீற்றிருந்தார். அவருடைய நிகழ்ச்சியில் ஒரு தடவை தோன்றிச் சிரிக்க வைத்துவிட்டால், அந்த விகடருக்கு மறுநாள் முதல் வாழ்வு பிறந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் திரையில் தோன்றும் அந்த ஒற்றை மனிதர் பேசும் வார்த்தைகள் பெரும்பாலும் அவருடையவை மட்டுமல்ல என்பது ரசிகர்களில் பலருக்கு நினைவிருப்பதில்லை. பத்துப் பதினைந்து எழுத்தாளர்கள் காலையில் ஓர் அறையில் கூடிப் பத்திரிகைகளைப் புரட்டி, நூறு துணுக்குகள் எழுதினால், அவற்றில் பத்தோ பன்னிரண்டோ இரவில் ஒலிக்கும். மீதியெல்லாம் குப்பைக் கூடைக்குப் போகும். இவ்வாறு வீணாகிப் போவதற்கென்றே மனப்பூர்வமாக எழுதும் அந்த ஜாதியைச் சேர்ந்தவர்தான் ஓப்ரையன். பிற்காலத்தில் அவர் அடைந்த புகழையும், பட்ட அவமானத்தையும், மீண்டும் எழுந்த விதத்தையும் அறிந்துகொள்ள இந்த ஒன்றையே சாவியாகக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைன் என்னும் ஊரில், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில், ஆறு குழந்தைகளில் மூன்றாமவராக 1963 ஏப்ரல் 18-ஆம் தேதி பிறந்தார். தந்தை, தொற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்ட மருத்துவர். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். தாய், பெயர்பெற்ற வக்கீல். கல்வியே தனமென்று கருதிய அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, பள்ளி இறுதியில் முதல் மாணவராகத் தேறியதிலும், ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் நடத்திய போட்டியில் சிறுகதைக்குப் பரிசு பெற்றதிலும் வியப்பில்லை. ஹார்வர்டில் சரித்திரமும் இலக்கியமும் பயின்று, வில்லியம் ஃபாக்னர், ஃப்ளானரி ஓகானர் ஆகிய இருவரின் கதைகளில் வரும் முதுமை தட்டிய குழந்தைகளைப் பற்றி ஆய்வுரை எழுதி, 1985-இல் உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்றார். அக்காலத்துக் கல்விமான்கள் வீட்டில் இத்தகைய பிள்ளை வக்கீலாகவோ பேராசிரியராகவோ ஆவதுதான் வழக்கம்.

இவரைத் திசை திருப்பியது ‘ஹார்வர்ட் லாம்பூன்’ என்ற மாணவர் பத்திரிகை. 1876-இல் தொடங்கப்பட்ட இந்தப் பரிகாசப் பத்திரிகைக்கு அவர் இரண்டு முறை தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அவருக்கு முன் அவ்வாறு இரு முறை தலைமை வகித்தவர், பின்னாளில் அமெரிக்க ஹாஸ்யக் கட்டுரையின் பிதாமகர்களில் ஒருவராக விளங்கிய ராபர்ட் பெஞ்ச்லி. அவர் காலம் 1912. இடையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. லாம்பூன் அறையில் கற்ற பாடம் எழுதுவது மட்டுமல்ல. தன்னைப்போலவே கூர்மையான நாலு பேர் எதிரில் அமர்ந்து, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கையில், தான் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் தைரியத்தையும் அங்கேதான் அவர் சம்பாதித்துக்கொண்டார்.

பட்டம் பெற்றதும் சக மாணவரான கிரெக் டேனியல்ஸுடன் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று, எச்.பி.ஓ. நிறுவனத்தின் நையாண்டிச் செய்தி நிகழ்ச்சி ஒன்றில் இருவரும் எழுத்தாளர்களாக அமர்ந்தார்கள். (இந்த டேனியல்ஸ்தான் பிற்காலத்தில் ‘தி ஆஃபீஸ்’ தொடரை அமெரிக்காவுக்கு ஏற்றபடி ஆக்கியவர்.) அடுத்துச் சேர்ந்த நிகழ்ச்சி சில வாரங்களிலேயே மூடுவிழாக் கண்டது. மாலை நேரங்களில், எழுதி வைத்த வசனம் இன்றிச் சபையோர் கொடுக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மனோதர்மமாக நடிக்கும் பயிற்சியில் அவர் ஈடுபட்டார். அந்த வகுப்பில் சிநேகிதியானவர், பின்னால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் புகழ் பெற்ற லிசா குட்ரோ. எழுத்தாளருக்கு இந்தப் பயிற்சி எதற்கு என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்குமா என்பது ஐயம். பிற்காலத்தில் அதுவே அவரைக் காப்பாற்றிற்று.

1988 ஜனவரியில் நியூயார்க்கின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. அங்கே வேலை நடக்கும் முறை விசித்திரமானது. திங்கட்கிழமை மாலை, தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸின் அறையில் எல்லோரும் தரையிலும் சோபாவிலும் நெருக்கியடித்து உட்கார்ந்து, அந்த வாரம் வருகிற விருந்தாளி நடிகருக்குத் தங்கள் யோசனைகளைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு முழுவதும் ஒருவரும் உறங்காமல் எழுதுவார்கள். புதன்கிழமை, எழுதிய நாற்பதுக்கு மேற்பட்ட குறுநாடகங்களும் ஒரு பெரிய மேஜையைச் சுற்றி வாசிக்கப்படும். அன்று மாலையே அவற்றில் முக்கால் பங்கு தள்ளுபடியாகும். தப்பிப் பிழைத்தவற்றுக்குக் காட்சி ஜோடிப்பதும் உடை தைப்பதும் வெள்ளி வரையில் நடந்து, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சபையோர் முன்னிலையில் ஒத்திகை நடக்கும். அங்கே சிரிப்பு எழாத காட்சியை உடனே வெட்டிவிட்டு, பதினொன்றரை மணிக்கு நேரடியாக நாடு முழுவதற்கும் ஒளிபரப்புவார்கள். இந்த ஆலையில் மூன்றரை ஆண்டுகள் அரைபட்டார் ஓப்ரையன். டாம் ஹாங்க்ஸ் நடித்த, ஒரு நிமிஷத்துக்கு முன் நடந்ததையே மறந்துவிடும் மனிதனின் வேடம் அவர் எழுத்தில் உருவானது. 1989-இல் சக எழுத்தாளர்களோடு எம்மி விருதையும் பகிர்ந்துகொண்டார்.

பிறகு ராபர்ட் ஸ்மைகல் என்ற நண்பருடன் சேர்ந்து, பழைய நடிகர் ஆடம் வெஸ்ட்டைக் கதாநாயகராக வைத்து ஒரு தொடரின் முதல் பகுதியை எழுதினார். என்.பி.சி. அதை ஒரே தடவை ஒளிபரப்பிவிட்டுக் கைவிட்டது. கையில் வேலை இல்லை. சாட்டர்டே நைட் லைவையும் விட்டு விலகியாயிற்று. அந்த நிலையில்தான் 1991-இல் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் எழுத்தாளர் அறைக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் எழுதியவற்றுள் ‘மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்’ என்ற அத்தியாயம் 1993 ஜனவரி 14-இல் ஒளிபரப்பாயிற்று. அணு மின் நிலைய முதலாளி பர்ன்ஸ், கழிவைப் பூங்கா மரத்துக்குள் ஒளித்து வைத்ததற்காக முப்பது லட்சம் டாலர் அபராதம் கட்டுகிறார். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஊர்ச் சபை கூடுகிறது. குண்டும் குழியுமாகக் கிடக்கும் பிரதான வீதியைச் செப்பனிடலாம் என்று சிம்ப்ஸன் குடும்பத் தலைவி மார்ஜ் சொல்ல, எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளும் சமயத்தில், பின்வரிசையிலிருந்து தொப்பி அணிந்த ஒருவன் எழுந்து, ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்றைப் பற்றித் துள்ளலான பாட்டாகவே பாடி விற்கத் தொடங்குகிறான். சந்தேகம் கேட்பவர்களுக்கெல்லாம் பாட்டிலேயே பதில் கிடைக்கிறது. இரண்டே நிமிஷத்தில் ஊரே எழுந்து அவனோடு கூடிப் பாடிக்கொண்டு வீதியில் இறங்குகிறது. குழி விழுந்த வீதி குழி விழுந்தபடியே கிடக்கிறது. அந்தப் பாட்டு பழைய இசை நாடகமான ‘தி மியூசிக் மேன்’ ஏமாற்றுக்காரனின் சாயலில் அமைந்தது. தொடரின் தலைமை எழுத்தாளர்கள் இக்கதை கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே என்று முதலில் தயங்கினார்கள். தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் கேட்டவுடனே அதில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டார்.

நிர்வாக சாஸ்திரத்தைப் பற்றி எத்தனையோ புஸ்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பொதுப் பணம் கையில் வந்ததும், அவசியமான காரியம் கண்ணுக்கெதிரே கிடக்க, அலங்காரமான காரியத்தின் பின்னால் ஒரு சமூகம் எவ்வாறு குதூகலத்தோடு ஓடிவிடுகிறது என்பதை இருபத்திரண்டு நிமிஷத்தில் இத்தனை தெளிவாகக் காட்டிய வேறு ஒன்றை நான் அறியேன். யாரையும் வைது பேசாமல், ஓர் ஊரை அதன் ஆசைகளோடு சேர்த்து நேசித்துக்கொண்டே சிரிப்பதற்கு வேண்டிய விசாலமான மனம் அந்த எழுத்தில் இருக்கிறது. சிம்ப்ஸன்ஸ் அறையில் அவரோடு பணிபுரிந்தவர்கள் இன்னொன்றையும் நினைவு கூர்ந்திருக்கிறார்கள்: ஓப்ரையன் தம் யோசனையைச் சொல்லும்போது உட்கார்ந்து சொல்வதில்லை, எழுந்து எல்லாப் பாத்திரங்களாகவும் மாறி நடித்துக் காட்டிவிடுவார், மற்றவர்கள் எழுதுவதை மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லெட்டர்மனின் நாற்காலியை நிரப்பும் பொறுப்பு லார்ன் மைக்கேல்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஓப்ரையனை முதலில் கருதியது எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும்தான். தாமே நடத்திப் பார்க்க விரும்புவதாக இவர் தெரிவிக்க, 1993 ஏப்ரல் 13-ஆம் தேதி, ஜே லெனோவின் மேடையிலேயே ஒரு பரீட்சை வைத்தார்கள். நடிகை மிமி ரோஜர்ஸும் ‘ஸைன்ஃபெல்ட்’ தொடரின் ஜேஸன் அலெக்ஸாண்டரும் விருந்தாளிகளாக உட்கார்ந்தார்கள். பரீட்சையில் தேறிய செய்தி இரண்டு வாரங்களுக்குள் வந்தது. ஆனால் சிம்ப்ஸன்ஸை வெளியிடும் ஃபாக்ஸ் நிறுவனம் அவரைச் சும்மா விடுவிக்க இசையவில்லை. ஒப்பந்தத்திலிருந்து மீட்பதற்கான தொகையை என்.பி.சி.யும் அவரும் பாதிப்பாதியாகப் பகிர்ந்து கட்டினார்கள்.

1993 செப்டம்பர் 13-ஆம் தேதி இரவு 12.35 மணிக்கு முதல் நிகழ்ச்சி. அதன் முகப்புக் காட்சியை இன்றும் தேடிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஓப்ரையன் உற்சாகமாக வேலைக்கு நடந்து போகிறார். எதிர்ப்படுகிறவர்கள் ஒவ்வொருவரும், லெட்டர்மனைப்போல் இருக்க வேண்டுமே, எவ்வளவு பெரிய சுமை என்று அவரிடம் சொல்கிறார்கள். அவர் புன்னகை மாறாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒப்பனை அறைக்குள் சென்று, அதே சந்தோஷத்தோடு ஒரு கயிற்றை எடுத்துச் சுருக்குப் போட்டு நாற்காலியில் ஏறி நிற்கிறார். அந்த நேரம் பார்த்து, நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட, சரி, வருகிறேன் என்று இறங்கி வருகிறார். நாடே தம்மைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறதோ அதை முதல் நிமிஷத்திலேயே தாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்ட அந்த உபாயம் நடிகருக்குத் தோன்றாது. வருஷக்கணக்காகத் தள்ளுபடியான காகிதங்களின் நடுவே உட்கார்ந்திருந்த எழுத்தாளருக்கே தோன்றும்.

ஆனாலும் மேடையில் நிற்பது வேறு வித்தை. கை எங்கே வைப்பது, விருந்தாளி பேசுகையில் எப்போது குறுக்கிடுவது, சிரிப்பு வராத துணுக்கை எப்படிக் கடந்து செல்வது என்பவற்றை அவர் ஜனங்களின் கண்ணெதிரிலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையின் விமர்சகர் டாம் ஷேல்ஸ் இரக்கமின்றி எழுதினார். சில நாட்களில் சபையில் ஆள் போதாமல் அலுவலகத்துப் பயிற்சிப் பிள்ளைகளை அழைத்து வந்து ஆசனங்களை நிரப்பினார்கள். நிறுவனம் பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. வாரத்துக்கு வாரம் நீட்டிக்கலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. அந்த இருண்ட காலத்தில், 1994 பிப்ரவரியில், லெட்டர்மனே தம் பழைய நிகழ்ச்சிக்கு விருந்தாளியாக வந்து அமர்ந்து, இந்த இளைஞர்கள் செய்யும் வேலையின் அளவையும் தரத்தையும் மெச்சிப் பேசிவிட்டுப் போனார். தொழிலில் மூத்தவர் ஒருவர், தம் ஸ்தானத்துக்கு வந்தவனிடம் காட்டிய அந்தப் பெருந்தன்மையை ஓப்ரையன் மறக்கவில்லை. சில ஆண்டுகளில் ஷேல்ஸும் தம் தீர்ப்பை வெளிப்படையாகவே மாற்றி எழுதினார்.

பதினாறு ஆண்டுகள் நீடித்த அந்த நிகழ்ச்சியின் பலம் எங்கே இருந்தது? முதல் தலைமை எழுத்தாளராக வந்த ஸ்மைகலும், பக்கத்துணையாக அமர்ந்த ஆண்டி ரிக்டரும், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவரும் இங்கே வாத்தியக் குழுத் தலைவராக இருந்தவருமான மேக்ஸ் வைன்பர்கும், அரசியல் விகடத்தை மட்டும் நம்பாமல், அர்த்தமற்ற வேடிக்கைக்கு ஒரு தனி உலகமே அமைத்தார்கள். ஜனாதிபதியின் புகைப்படம் ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் வாயிருக்கும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அங்கே ஓர் எழுத்தாளரின் உயிருள்ள உதடுகள் அசையும்படி செய்து, ஓப்ரையன் அந்தப் படத்தைப் பேட்டி காண்பார். ஐம்பதுகளின் மலிவான கார்ட்டூன் ஒன்றில் செலவைக் குறைக்கக் கையாண்ட பழைய தந்திரம் அது. 2004-இல் என்.பி.சி.யும் யூனிவர்சல் நிறுவனமும் ஒன்றாக இணைந்தபோது, யூனிவர்சலுக்கு உரிய ‘வாக்கர், டெக்ஸாஸ் ரேஞ்சர்’ என்ற சண்டைத் தொடரின் காட்சிகளை இனிமேல் காசு கொடுக்காமலே காட்டலாம் என்று கண்டுகொண்டார்கள். உடனே மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்பு நெம்புகோலை நட்டு, அதை அவர் இழுக்கும்போதெல்லாம் அத்தொடரிலிருந்து சந்தர்ப்பம் சிறிதும் விளங்காத ஒரு காட்சி ஓடும்படி செய்தார்கள். கம்பெனிகள் இணைந்த வியாபாரச் செய்தியைக்கூட நள்ளிரவில் விழித்திருக்கும் கல்லூரி மாணவன் விழுந்து விழுந்து சிரிக்கும்படி ஆக்கிவிட்ட கற்பனை அது. ஃபின்லாந்தின் ஜனாதிபதி டார்யா ஹாலோனனுக்கும் தமக்கும் முக ஜாடை ஒன்றாக இருக்கிறது என்று விளையாட்டாக ஆரம்பித்து, மாதக்கணக்கில் அதை வளர்த்து, 2006-இல் ஹெல்சிங்கிக்கே போய் அந்த அம்மையாரைச் சந்தித்துத் திரும்பினார்.

இந்த வேடிக்கைகளில் அடிபடுகிறவர் யார் என்று கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். விருந்தாளியோ, வீதியில் போகிறவரோ, வேலைக்காரரோ அவமானப்படுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கோமாளியாகிறவர் ஓப்ரையனே. உயரத்தையும், வெளுத்த தோலையும், அசட்டுத் தற்பெருமை பேசும் ஒரு பொய்ப் பாவனையையும் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரைப் புத்திசாலியாகக் காட்டிவிடுவார். வசைக்கும் விகடத்துக்கும் உள்ள தூரத்தை இத்தனை ஆண்டுகள் இத்தனை கண்டிப்பாகக் காத்தவர்கள் அபூர்வம்.

2007 நவம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. நூறு நாட்கள் நீடித்தது. ஓப்ரையன் அந்தச் சங்கத்தில் அங்கத்தினர். நிகழ்ச்சி நின்றுபோனதும், எழுத்தாளர் அல்லாத மற்ற ஊழியர்களின் வேலைக்கு ஆபத்து வந்தது. அவர்களுக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்தே சம்பளம் கொடுத்து வந்தார். 2008 ஜனவரி 2-ஆம் தேதி எழுத்தாளர்கள் இன்றியே மேடைக்குத் திரும்ப நேர்ந்தபோது, சங்கத்துக்கு ஆதரவாகத் தாடி வளர்த்துக்கொண்டு வந்து நின்றார். எழுதிய துணுக்கு கிடையாது. நேரமோ ஒரு மணி. விரலிலிருந்து கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் பம்பரமாகச் சுழலவிட்டு, எத்தனை விநாடி சுழல்கிறது என்று சபையோரோடு சேர்ந்து எண்ணினார். மோதிரம் சாய்ந்து விழும்வரையில் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அந்த இரவுகளில் அவர் கையாண்டது, இளமையில் லாஸ் ஏஞ்சலிஸில் கற்ற அந்த மனோதர்ம வித்தையைத்தான்.

‘டுநைட் ஷோ’ 2009-இல் அவருக்கு வரும் என்று 2004-லேயே என்.பி.சி. அறிவித்துவிட்டது. ஐந்து ஆண்டு காத்திருந்து, குடும்பங்களோடு ஊழியர்களையும் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் பெயர்த்து, 2009 ஜூன் 1-ஆம் தேதி கார்ஸனின் பீடத்தில் அமர்ந்தார். ஆனால் ஜே லெனோவை விட மனமில்லாத நிறுவனம் அவருக்கு இரவு பத்து மணிக்கு வேறொரு நிகழ்ச்சி கொடுத்தது. அதைப் பார்ப்பவர்கள் குறையவே, அடுத்து வரும் ஊர்ச் செய்திகளுக்கும் ஆள் குறைந்தது. செய்தி நிலையத்தார் கொதித்தார்கள். பதினொன்றரை மணி நிகழ்ச்சியிலும் எதிர்பார்த்த கூட்டம் கூடவில்லை. 2010 ஜனவரியில் நிறுவனம் ஒரு சமரசம் கண்டுபிடித்தது: 11.35-க்கு லெனோ அரை மணி நேரம் பேசட்டும், ‘டுநைட் ஷோ’ 12.05-க்குத் தள்ளிப் போகட்டும்.

ஓப்ரையன் ஜனவரி 12-ஆம் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டார். நள்ளிரவைத் தாண்டி மறுநாளைக்குள் போய்விட்டால் அது ‘டுநைட் ஷோ’வே ஆகாது என்றும், அறுபது ஆண்டுப் பாரம்பரியத்தைச் சிதைப்பதில் தாம் பங்கு கொள்ள இயலாது என்றும், தமக்குப் பின்னால் ‘லேட் நைட்’ நடத்தும் ஜிம்மி ஃபாலனையும் அது பாதிக்கும் என்றும் அதில் தெளிவாகச் சொன்னார். கோபம் இருந்தது, கொச்சை இல்லை. ஏழு மாதத்தில் பீடம் போயிற்று. விலகுவதற்காக நிறுவனம் கொடுத்த சுமார் நாலரைக் கோடி டாலரில் ஒரு கோடியே இருபது லட்சத்தை ஊழியர்களுக்கென்று அவர் தரப்பார் பேசி வாங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஜனவரி 22-ஆம் தேதி கடைசி நிகழ்ச்சியில், தம்மைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களை நோக்கி, இதைக் கண்டு மனம் கசந்துவிட வேண்டாம், உழைத்து, பிறரிடம் அன்பாக நடந்துகொண்டால் அதிசயங்கள் நிகழும் என்று கேட்டுக்கொண்டார். மாபெரும் அவமானத்தின் உச்சியில் நின்றுகொண்டு ஒரு விகடர் இவ்வாறு பேசியது, அந்த இரவில் அவர் சொன்ன எல்லாத் துணுக்குகளையும் விடச் சபையோர் மனத்தில் தைத்தது.

ஒப்பந்தப்படி செப்டம்பர் வரை தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது. அதனால், தொலைக்காட்சியில் சிரிக்க வைக்கச் சட்டம் தடை செய்த சுற்றுப்பயணம் என்று பெயர் சூட்டி, வாத்தியக் குழுவோடு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊர் ஊராகச் சென்று மேடையேறினார். நவம்பர் 8-ஆம் தேதி டி.பி.எஸ். என்னும் கேபிள் நிலையத்தில் ‘கோனன்’ தொடங்கியது. அங்கே பார்வையாளர் தொகை சிறிது, சுதந்திரம் பெரிது. அடுத்த ஆண்டு டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசுகையில், கார்ஸன் ஜாக் பென்னியைப்போல ஆக விரும்பி ஆகாமற்போனார், லெட்டர்மன் கார்ஸனைப்போல ஆக விரும்பி ஆகாமற்போனார், தாமும் லெட்டர்மனாக ஆகவில்லை, அந்தத் தோல்வியில்தான் ஒவ்வொருவருக்கும் சொந்த உருவம் கிடைத்தது என்று விளக்கினார். தொழிலின் குரு பரம்பரையை இவ்வளவு நேர்மையாக வேறொருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

2015-இல் கியூபாவுக்குப் போய் ஒரு முழு நிகழ்ச்சி எடுத்து வந்தது, அவர் வாழ்வின் இன்னொரு அத்தியாயத்தைத் தொடங்கி வைத்தது. தம் உதவியாளர் சோனா மோவ்செஸியனின் மூதாதையர் நாடான ஆர்மீனியா, பிறகு கொரியா, ஹைட்டி, ஜப்பான், கானா என்று பல தேசங்களுக்கு, அந்தந்த ஊர் ஜனங்களிடம் தம்மையே பரிகசிக்கக் கொடுத்துக்கொண்டு யாத்திரை செய்தார். 2020-இல் பெருந்தொற்று வந்து ஸ்டூடியோக்கள் மூடியபோது, வீட்டிலிருந்தபடி கைபேசியில் நிகழ்ச்சியைப் படம் பிடித்தார். பிறகு லாஸ் ஏஞ்சலிஸின் லார்கோ என்ற சிறு நாடக அரங்கில், ஆளில்லா ஆசனங்களுக்கு எதிரில் நின்று பேசினார். 2021 ஜூன் 24-ஆம் தேதி அதையும் நிறுத்திக்கொண்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குள் 2018 நவம்பரில் தொடங்கிய பாட்காஸ்ட், மேஜையும் வாத்தியமும் ஒப்பனையும் இல்லாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேசுவது, அவருடைய மிகச் சிறந்த வேலையாகவே ஆகிவிட்டது. ஆறு நிமிஷத்தில் விருந்தாளியை அனுப்பிவிட்டு விளம்பரத்துக்கு வழிவிட வேண்டிய அவசரம் நீங்கியதும், அதுவரை வெளியே தெரியாதிருந்த வாசகர் ஒருவர் அவரிடமிருந்து வெளிப்பட்டார். சரித்திரமும், பழைய சினிமாவும், லிங்கனும், மனச் சோர்வும் எல்லாம் அங்கே பேச்சில் வந்தன. 2022-இல் சிரியஸ் எக்ஸ்.எம். வானொலி நிறுவனம் அவருடைய கம்பெனியை விலைக்கு வாங்கிற்று.

2024 டிசம்பரில் அவருடைய தந்தையும் தாயும் மூன்று நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் காலமானார்கள். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸைச் சூழ்ந்த காட்டுத் தீயில் வீட்டை விட்டு வெளியேறி ஹோட்டலில் தங்க நேர்ந்தது. அந்த நாட்களில்தான் ஆஸ்கார் விருது விழாவை நடத்துவதற்கான ஹாஸ்யத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார். 2025 மார்ச் 2-ஆம் தேதி அந்த மேடையில் அவருக்குப் பின்னால் நின்றவர்களில், 1993 முதல் தயாரிப்பாளராக உடன் வந்த ஜெஃப் ராஸும், தொண்ணூறுகளின் நடுவில் எழுத்தாளர் அறைக்கு வந்து சேர்ந்த மைக் ஸ்வீனியும் இருந்தார்கள். மூன்று வாரத்தில் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் அமெரிக்க ஹாஸ்யத்துக்குரிய மார்க் ட்வெயின் பரிசைப் பெற்றபோது, தம்மைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் ட்வெயினைப் பற்றியே அதிகம் பேசினார்: வலியவர்களின் அடாவடியை வெறுத்த, எளியவர்களிடம் இரக்கம் கொண்ட, தம் குற்றங்களைத் தாமே முதலில் பரிகசித்த எழுத்தாளர் என்று. 2026-ஆம் ஆண்டின் ஆஸ்கார் விழாவையும் நீங்களே நடத்தித் தரவேண்டும் என்ற அழைப்பு அந்த மார்ச் மாதத்திலேயே அவருக்கு வந்துவிட்டது; ராஸும் ஸ்வீனியும் அதிலும் கூட வருவதென்று ஏற்பாடாயிற்று.